பிபிசி மைக்ரோவைப் பாட வைத்த கதை

எண்பதுகளில் பள்ளிகளில் இருந்த கம்ப்யூட்டரான பிபிசி மைக்ரோ ஒன்று கையில் கிடைத்தால் உடனே பிளக்கில் செருகிவிடாதீர்கள். அதன் பவர் சப்ளைக்குள், மெயின் லைனுக்குக் குறுக்கே இரண்டு கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. ஒன்று 0.1 மைக்ரோஃபாரட், மற்றது 0.01. ஒளி ஊடுருவும் மஞ்சள் உறை, உள்ளே உலோகம் பூசிய காகிதச் சுருள். வருடங்கள் போகப் போக உறையில் மயிரிழை வெடிப்புகள் விழுந்து, காற்றில் உள்ள ஈரம் உள்ளே இறங்கிவிடும். அந்த நிலையில் 230 வோல்ட் பட்டால் சில நிமிடங்களில் வெடித்துப் புகையும். மாற்றிவிட்டுத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும்.

என்னிடம் வந்திருப்பது மாடல் பி. பள்ளியில் எங்களுக்குக் கணக்கும் கம்ப்யூட்டரும் எடுத்த சார், பள்ளியில் பழைய சாமான்களை ஏலம் விட்டபோது இதை வாங்கிப் பரணில் பத்திரமாக வைத்திருந்தார். கூடவே மாணவர்களின் கேசட்டுகள் ஒரு ஷூ டப்பா நிறைய. அவற்றில் ஒன்றின் மேல் என் கையெழுத்தில் "சரளி, சுரம் பிடி" என்று எழுதியிருந்தது. ஒன்று கர்நாடக சங்கீதத்தின் ஆரம்பப் பாடத்தை வாசிக்கும் நிரல், இன்னொன்று ஒரு விளையாட்டு. இரண்டையும் அதே வகை இயந்திரத்தில் மறுபடி ஓட வைத்ததைத்தான் இங்கே பதிகிறேன்.

இந்தக் கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். கேம்பிரிட்ஜின் ஏக்கார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் வெளியிட்டது. பிரிட்டனில் பொதுமக்களுக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்க பிபிசி எடுத்த முயற்சிக்காகச் செய்தது, அதனால் இந்தப் பெயர். 2 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 6502 பிராசசர், 32 கிலோபைட் ராம். அதன் பேசிக் மொழியை எழுதியவர் சோஃபி வில்சன். வன்பொருளில் முக்கியப் பங்கு ஸ்டீவ் ஃபர்பருடையது. இன்று நம் செல்போன்களில் இருக்கும் ஆர்ம் பிராசசரின் முதல் வடிவத்தை உருவாக்கியதும் இதே இருவர்தான். நம் நாட்டுக்கு இது வந்தது பள்ளிகளில் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்க மத்திய அரசு கொண்டுவந்த கிளாஸ் திட்டத்தின் வழியாக. 1984-85ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் சுமார் 12,000 பிபிசி மைக்ரோக்கள் பள்ளிகளுக்குப் போயின. மொகாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் இதையே யூனிகார்ன் என்ற பெயரிலும் செய்தது. பிரிட்டனில் வீட்டு மேசையில் இருந்த இயந்திரம், இங்கே ஏசி போட்ட அறையில், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்த் தொட வேண்டிய பொருளாக இருந்தது. ஒரு மெஷினுக்கு மூன்று நான்கு பேர். கையில் கிடைக்கும் நேரம் குறைவு என்பதால், நிரலை வீட்டில் நோட்டில் எழுதிக்கொண்டு போய் அங்கே தட்டச்சு மட்டும் செய்வோம்.

பவர் சப்ளை

மேல் மூடியைப் பிடித்திருக்கும் நான்கு திருகுகளைத் தேட வேண்டியதில்லை. பின்புறம் இரண்டு, அடிப்புறம் இரண்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'ஃபிக்ஸ்' என்று எழுதியிருக்கும். மூடியைத் தூக்கினால் இடது பக்கம் உலோகப் பெட்டிக்குள் பவர் சப்ளை. அடியிலிருந்து மூன்று திருகுகள், மதர்போர்டில் செருகிய வயர்கள், அவ்வளவுதான், தனியாக வந்துவிடும். எந்த வயர் எந்த முள்ளில் இருந்தது என்று முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு 5 வோல்ட், கருப்பு கிரவுண்ட், ஊதா மைனஸ் 5 வோல்ட்.

இது ஸ்விட்ச் மோடு வகை. உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பிளக்கை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். மல்டிமீட்டரில் அளந்து, இறங்கிவிட்டது என்று உறுதியான பிறகுதான் விரலைக் கொண்டுபோக வேண்டும். இந்த வேலையில் பழக்கம் இல்லாதவர்கள் டிவி மெக்கானிக் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் எக்ஸ்2 என்று முத்திரை உள்ள பிளாஸ்டிக் ஃபிலிம் கெப்பாசிட்டர்கள் வாங்கினேன். மெயின் லைனில் போடக்கூடியது அந்த வகைதான், மதிப்பு ஒன்றாக இருக்கிறது என்று சாதாரணமானதைப் போடக்கூடாது. சக்கரால் பழைய ஈயத்தை உறிஞ்சி, இரண்டையும் மாற்றினேன். அப்படியே 220 மைக்ரோஃபாரட் சிறிய எலக்ட்ரோலிட்டிக் ஒன்றையும் மாற்றினேன். அது காய்ந்துபோனால் சப்ளை கிளம்பாது.

முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது சீரிஸ் பல்பு. நம் ஊர் மெக்கானிக்குகள் எல்லோருக்கும் தெரிந்த வழி இது: 100 வாட் குண்டு பல்பு ஒன்றை லைனில் தொடராகக் கோர்த்துவிட்டால், உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுப் பிரகாசத்தில் எரியும், சப்ளை பிழைத்துக்கொள்ளும். 5 வோல்ட் பக்கம் 4.7 ஓம், 10 வாட் செராமிக் ரெசிஸ்டர் ஒன்றைச் சுமையாகக் கட்டினேன். பல்பு ஒரு கணம் மின்னி மங்கியது. மீட்டரில் 5 வோல்ட், இன்னொரு முனையில் மைனஸ் 5. கம்ப்யூட்டரின் மற்ற பாகங்களைத் தொட அதன் பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது.

நிற்காத ஒலி

நல்ல நிலையில் இருக்கும் பிபிசி மைக்ரோ ஸ்விட்சைப் போட்டதும் 'பூ' என்று தாழ்வாக ஆரம்பித்து, உடனே 'பீப்' என்று உயர்ந்து ஓயும். பள்ளியின் அந்த ஏசி அறையில் வரிசையாக எல்லா மெஷின்களையும் போடும்போது அந்த இரட்டை ஒலி ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும். என் மெஷினில் 'பூ' மட்டும் வந்து இழுத்துக்கொண்டே இருந்தது.

இது மிக உபயோகமான அறிகுறி. மின்சாரம் வந்தவுடன் ஒலிச் சிப் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் தானே கத்த ஆரம்பித்துவிடும். பிராசசர் எழுந்து, ரோமில் உள்ள ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் படித்து, அது சிஸ்டம் வயா என்ற 6522 சிப் வழியாக 'நிறுத்து' என்று சொன்ன பிறகுதான் அது அடங்கும். ஆகவே ஒலி நிற்கவில்லை என்றால் இந்தச் சங்கிலியில் எங்கோ அறுந்திருக்கிறது: பிராசசர், ரோம், வயா, அல்லது இவை உட்கார்ந்திருக்கும் சாக்கெட்டுகள்.

சாக்கெட்டில்தான் முதல் சந்தேகம் வர வேண்டும். நாற்பது வருடமாகச் சூடும் குளிரும் மாறி மாறி, ஐசிக்கள் சாக்கெட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலெழுந்துவிடும். கால்களில் கருப்பு படியும். ஒவ்வொன்றாக, இரு முனைகளிலும் மாற்றி மாற்றி நெம்பி எடுத்து, கால்களை எழுதும் ரப்பரால் துடைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பிரஷ்ஷால் சாக்கெட்டைத் தேய்த்து, வெட்டுக்குறி திசை பார்த்துத் திரும்ப அமுக்கினேன். ஆபரேட்டிங் சிஸ்டம் ரோமின் கால்கள்தான் மோசமாகக் கறுத்திருந்தன. அதை முடித்துவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். பூ-பீப்.

படத்துக்கு, பின்னால் உள்ள பிஎன்சி முனையிலிருந்து ஒரு அடாப்டர் போட்டு பழைய டிவியின் ஏவி உள்ளீட்டில் கொடுத்தேன். கருப்பு வெள்ளையில்தான் வரும், போர்டில் எஸ்39 என்ற இணைப்பைப் போட்டால் அதே முனையில் வண்ணம் கிடைக்கும். 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே', கீழே 'பேசிக்', அதற்கும் கீழே கட்டளைக்குக் காத்திருக்கும் குறி.

கீபோர்டில் சில கட்டைகள் அமுங்கியும் எழுத்து வரவில்லை. சுவிட்சின் தண்டைச் சுற்றி ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டு, பலமுறை அமுக்கி விட்டதில் எல்லாம் உயிர் பெற்றன. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. இந்தக் கீபோர்டு அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களில் மிகச் சிறந்தவற்றில் ஒன்று என்பது என் கருத்து.

கேசட்

பிளேயரின் பெல்ட் தார் மாதிரி உருகி ஒட்டியிருந்தது. புதுப் பெல்ட் போட்டு, ஹெட்டையும் ரப்பர் உருளையையும் துடைத்து, ஏழு முள் டின் பிளக் ஒன்றில் வயரைச் சால்டர் செய்து இணைத்தேன். இந்த மெஷினுக்குள் ஒரு ரிலே இருக்கிறது, கேசட் மோட்டாரை அதுவே ஓட்டி நிறுத்தும். 'லோட்' அடித்ததும் உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம், கேசட் சுழல ஆரம்பிக்கும்.

பிபிசி மைக்ரோ கேசட்டில் எழுதும் முறை மிக யோசித்துச் செய்தது. பூஜ்யத்துக்கு 1200 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று, ஒன்றுக்கு 2400 ஹெர்ட்ஸில் இரண்டு சுற்று. நொடிக்கு 1200 பிட். நிரலை 256 பைட் கொண்ட துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் பெயரும் எண்ணும் சரிபார்ப்புக் கணக்கும் சேர்த்து எழுதும். ஒரு துண்டு கெட்டுப்போனால் 'டேட்டா?' என்று காட்டி, டேப்பைப் பின்னோக்கிச் சுற்றச் சொல்லும். கொஞ்சம் சுற்றிவிட்டால் விட்ட இடத்திலிருந்தே தொடரும். முழுவதையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டியதில்லை.

ஹெட்டின் சாய்வைச் சரிசெய்யும் சிறிய திருகைத் திருப்பித் திருப்பி, சத்தம் எங்கே மிகக் கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்தினேன். விளையாட்டு முழுவதும் ஏறிவிட்டது. சரளி நிரலில் ஒரு துண்டு மட்டும் எவ்வளவு சுற்றினாலும் 'டேட்டா?' என்றே வந்தது. டேப்பில் அந்த இடத்தில் பூச்சு உதிர்ந்திருந்தது.

அதனால் டேப்பை லேப்டாப்பில் பதிவு செய்து, அந்தத் துண்டின் அலைவடிவத்தைத் திரையில் பெரிதாக்கி, நீள அலை, குட்டை அலை என்று கண்ணால் படித்தேன். நடுவில் சில பைட்டுகள் இல்லவே இல்லை. ஆனால் முன்னும் பின்னும் இருந்தவை எண்கள், காற்புள்ளிகள்: 53,57,69,53,57. அது சுரங்களின் வரிசை, ச 53, ரி 57, க 69. மூன்றாம் சரளி வரிசை எப்படிப் போகும் என்று சங்கீதம் ஆரம்பித்த எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்: ச ரி க ச ரி க ச ரி, ச ரி க ம ப த நி ச. பாடிக்கொண்டே விடுபட்ட எண்களை நிரப்பினேன். துண்டின் கடைசியில் பதிவாகியிருந்த சரிபார்ப்புக் கணக்கோடு நான் நிரப்பியது அப்படியே பொருந்தியது. இந்த முழு வேலையிலும் எனக்கு மிகப் பெரிய சந்தோஷம் தந்த இடம் இதுதான்.

ரி எப்படி ஆடும்

இனி, நான் உண்மையில் எழுத விரும்பிய பகுதி.

பிபிசி மைக்ரோவின் ஒலிச் சிப் எஸ்என்76489. மூன்று சுரச் சேனல்கள், ஒரு இரைச்சல் சேனல். சிப் ஒன்றும் அபூர்வமானது இல்லை, அந்தக் காலத்தில் பல இயந்திரங்களில் இருந்தது. அதன் மேல் பேசிக் கட்டிக் கொடுத்த இரண்டு கட்டளைகள்தான் அபூர்வம்: சவுண்ட், என்வலப்.

சவுண்டுக்கு நான்கு எண்கள். எந்தச் சேனல், எவ்வளவு சத்தம், எந்தச் சுருதி, எவ்வளவு நேரம். நேரம் நொடியில் இருபதில் ஒரு பங்கு அளவில். சுருதி எண் ஒன்று கூடினால் அரைச்சுரத்தில் கால் பங்கு ஏறும். அதாவது ச-வுக்கும் சுத்த ரிஷபத்துக்கும் இடையில் நான்கு படிகள், ஒரு ஸ்தாயிக்கு 48. ஒரு கட்டை சுருதியின் ச, எண் 53. அங்கிருந்து, சரளி பாடும் ராகமான மாயாமாளவகௌளையை எழுதினால்: ச 53, ரி 57, க 69, ம 73, ப 81, த 85, நி 97, மேல் ச 101.

இந்த எண்களை நான் கண்டுபிடித்தது அக்காவோடு உட்கார்ந்து. அவள் எனக்கு இரண்டு வகுப்பு மேலே, அதே பள்ளி. வீட்டில் வாய்ப்பாட்டு கற்றுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அவள் சாதகம் பண்ணும்போது நான் நோட்டில் படிகளை எண்ணுவேன், மறுநாள் மத்தியான இடைவேளையில் தட்டிப் பார்ப்பேன். முதல் தடவை வாசிக்க வைத்து அவளைக் கூட்டிவந்து காட்டியபோது, "எல்லாச் சுரமும் சரியாத்தான் இருக்கு. ஆனா ராகம் இல்லையே" என்றாள்.

அவள் சொன்னதன் பொருள் இப்போது நன்றாகப் புரிகிறது. எட்டு எண்களைத் தனித்தனியாக வாசித்தால் அது சுரத்தானங்களின் பட்டியல். மாயாமாளவகௌளையில் ரிஷபமும் (ரி) தைவதமும் (த) ஆட வேண்டும். ஆடாத ரிஷபம் அந்த ராகத்தின் ரிஷபமே இல்லை.

அதற்குத்தான் என்வலப், அதாவது உறை. பதினான்கு எண்கள் கொண்ட கட்டளை. பள்ளியில் இதைப் பார்த்துப் பயந்து ஒதுங்கியவர்கள் அதிகம். ஆனால் அது கேட்பது எளிய விஷயம். முதல் எண், உறையின் பெயர் எண். இரண்டாவது, அசைவின் ஒரு படிக்கு நூறில் எத்தனை பங்கு நொடி. அடுத்த ஆறு எண்களில் சுருதியின் அசைவு: மூன்று பகுதிகள், ஒவ்வொன்றிலும் படிக்கு எவ்வளவு ஏற வேண்டும், எத்தனை படி. கடைசி ஆறு, சத்தம் எப்படி எழுந்து எப்படி அடங்க வேண்டும் என்பது. சுருதியின் மூன்று பகுதிகளும் முடிந்தால் தானே முதலிலிருந்து தொடங்கும்.

அதாவது இந்த இயந்திரத்தில் ஒரு சுரம் என்பது நிற்கும் புள்ளி மட்டும் அல்ல, அசைவாகவும் இருக்கலாம். இதை வடிவமைத்தவர்கள் கமகத்தை, அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவதை, நினைத்துச் செய்திருக்க மாட்டார்கள். ஆனாலும் கமகத்தை எழுத இதைவிடப் பொருத்தமான கட்டளையை அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர் வேறு எதன் பேசிக்கிலும் நான் பார்த்ததில்லை.

முதலில் முயன்ற வடிவம் இப்படி: சுருதி 57ல் தொடங்கி, மூன்று படி மேலே, ஆறு படி கீழே, மூன்று படி மேலே. ரி-யை நடுவில் வைத்து இரு பக்கமும் சமமாக ஆடும். கேசட்டில் இருந்த பழைய பதிப்பும் இதுதான். மெஷின் சரியான உடனே இதை வாசிக்க வைத்து, போனில் பதிந்து கோயம்புத்தூரில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பினேன். அவள் பதில் குரலாக வந்தது. "ரி நடுங்குதுடா. ஆடலை. நான் பாடறதைக் கேளு, நான் ரி-யிலேர்ந்தே கிளம்பறதில்லை." பின்னாலேயே மூன்று முறை பாடியும் அனுப்பினாள்.

அந்தப் பதிவைச் சுருதி வரையும் மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். அவள் குரல் ச-விலிருந்து எழுகிறது, ரி-யைத் தாண்டிச் சற்று மேலே தொடுகிறது, திரும்ப ச-வுக்கு வந்து அங்கே ஒரு கணம் நின்றுவிட்டு மறுபடி கிளம்புகிறது. ரி என்று நாம் கேட்பது அவள் நிற்கும் இடமே இல்லை, கடந்துபோகும் இடம். அதை அப்படியே எழுதினேன்:

என்வலப் 2,2,1,-1,0,6,6,2,126,0,0,-126,126,126

சவுண்ட் 1,2,53,20

சவுண்டில் கொடுத்திருக்கும் சுருதி 53, அதாவது ச. அங்கிருந்து படிக்கு ஒன்றாக ஆறு படி ஏறி 59, ஆறு படி இறங்கி 53, அங்கே இரண்டு படி நேரம் ஓய்வு. மொத்தம் பதினான்கு படி, படிக்கு நூறில் இரண்டு நொடி, ஒரு ஆட்டத்துக்கு 0.28 நொடி. அந்த இரண்டு படி ஓய்வை எடுத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள், உடனே உயிர் போய்விடும்.

மாயாமாளவகௌளையின் அமைப்பில் ஒரு அழகு உண்டு. ச ரி க ம எப்படி அடுக்கியிருக்கிறதோ அதே இடைவெளிகளில் ப த நி ச அடுக்கியிருக்கிறது. ஆகவே தைவதத்துக்குத் தனி உறை தேவையில்லை. சவுண்டில் 53க்குப் பதில் 81 என்று பஞ்சமத்தைக் கொடுத்தால் அதே உறை 87 வரை போய் வந்து தைவதம் ஆகிவிடும். இது ஒரு பெரிய மிச்சம். கேசட் பயன்படுத்தும் நிரலில் நான்கு உறைகளுக்குத்தான் இடம். ஐந்திலிருந்து பதினாறு வரை உள்ளவை கேசட்டில் எழுதப் பயன்படும் நினைவகத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. முதல் உறை அசையாத சுரத்துக்கு, இரண்டாவது கம்பிதம் எனும் ஆட்டத்துக்கு, மூன்றாவது ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழுக்கும் ஜாருவுக்கு, நான்காவது மீட்டிய தந்தி போல எழுந்து தேய்வதற்கு.

ஜாருவுக்கு இரண்டாவது எண்ணில் 128 கூட்ட வேண்டும், அப்போது அசைவு ஒருமுறை நடந்து கடைசி இடத்தில் நின்றுவிடும். பஞ்சமத்திலிருந்து மேல் ச-வுக்கு இழுக்க 3,130,2,0,0,10,0,0 என்று தொடங்கும் உறை. 81ல் புறப்பட்டு, படிக்கு இரண்டாகப் பத்துப் படியில் 101.

உறையை நடுவில் மாற்றி எழுதி நான்கு என்ற எல்லையைத் தாண்டலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சவுண்ட் கட்டளைகள் உடனே ஒலிப்பதில்லை, வரிசையில் காத்திருக்கும். நீங்கள் உறையை மாற்றினால் காத்திருக்கும் சுரங்களும் புது உறையில் ஒலிக்கும். வரிசை காலியாகும்வரை பொறுத்துத்தான் மாற்ற வேண்டும்.

பின்னணியில் விடாமல் ஒலிக்கும் சுருதிக்கு மற்ற இரு சேனல்கள்: ஒன்றில் ச 53, இன்னொன்றில் கீழ்ப் பஞ்சமம் 33. நேரத்துக்கு -1 கொடுத்தால் நிற்காமல் ஒலிக்கும். இந்தச் சிப்பால் சுமார் 122 ஹெர்ட்ஸுக்குக் கீழே போக முடியாது. ஒரு கட்டையின் மந்திர ச கிட்டத்தட்ட 131, ஆக அது மட்டும் நூலிழையில் உள்ளே வந்துவிடுகிறது.

இப்படிச் சுருதி பின்னால் ஒலிக்கும்போது காந்தாரம் (க) உறுத்தியது. காரணம் கணக்கில் இருக்கிறது. ஓர் அரைச்சுரத்தை நூறு பங்காகப் பிரித்தால், சுருதியோடு இழையும் அந்தர காந்தாரம் ச-விலிருந்து 386வது பங்கில் இருக்கிறது. எண் 69 தருவது 400, எண் 68 தருவது 375. ஒன்று 14 பங்கு அதிகம், மற்றது 11 பங்கு குறைவு. இரண்டையும் பதிந்து, எது எது என்று சொல்லாமல் அக்காவுக்கு அனுப்பினேன். 68ஐத்தான் தேர்ந்தெடுத்தாள். "ரெண்டாவது நல்லா உட்கார்றது, முதல்ல உள்ளது கூச்சல் போடறது." நிரலில் காந்தாரம் இப்போது 68.

பாடத்தை இருமடங்கு வேகத்தில் பாடும் இரண்டாம் காலத்தில் சுரத்துக்கு அரை நொடி, அதைப்போல் இருமடங்கு வேகமான மூன்றாம் காலத்தில் கால் நொடி. கம்பிதத்தின் ஒரு ஆட்டம் 0.28 நொடி என்பதால் மூன்றாம் காலத்தில் முடிவதற்குள் அடுத்த சுரம் வந்துவிடுகிறது. ஆட்டத்தை வேகமாக்கிப் பார்த்தேன், கேட்கச் சகிக்கவில்லை. வேகத்தைத் தொடாமல் ஓய்வுப் படிகளை மட்டும் எடுத்து, ஒரே ஒரு ஏற்றம், ஒரே ஒரு இறக்கம் என்று 0.24 நொடியில் அடக்கியபோது இயல்பாக வந்தது. பாடுகிறவர்களும் துரித காலத்தில் கமகத்தைச் சுருக்கித்தான் பாடுகிறார்கள்.

சுரம் பிடி

விளையாட்டின் விதி எளிது. சுருதி ஒலித்துக்கொண்டிருக்கும். மெஷின் ஒரு சுரத்தை வாசிக்கும். மேலிருந்து ஏழு எழுத்துகள் விழும். கேட்ட சுரத்தின் எழுத்தைக் கூடையில் பிடிக்க வேண்டும். முதல் கட்டத்தில் ச, ப மட்டும். பிறகு க சேரும், பிறகு ம. ரியும் தவும் கடைசியில்தான்.

படத்துக்கு மோடு 4. 320க்கு 256 புள்ளிகள், இரண்டு நிறங்கள். திரை மட்டும் 10 கிலோபைட் சாப்பிடும், டிஸ்க் இல்லாத மெஷினில் நிரலுக்கு 18,944 பைட் மிஞ்சும். அது தாராளம்.

தமிழ் எழுத்துகளை எட்டுக்கு எட்டு கட்டத்தில் நாமே வரைய வேண்டும். 224 முதல் 255 வரை 32 இடங்கள். ப மிகச் சுலபம்: விடியு 23,224,0,66,66,66,66,66,126,0. ம கொஞ்சம் கஷ்டம். க-வின் சுழியை எட்டுப் புள்ளிக்குள் அடக்க நோட்டில் எத்தனையோ கட்டங்கள் போட்டு அழித்திருக்கிறேன், கடைசியில் வந்த வடிவம் இன்றும் எனக்குப் பிடித்திருக்கிறது. ரி, நி இரண்டுக்கும் விசிறி மேலேறி வளைய இடம் வேண்டும், அதனால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடங்கள்.

கூடையை நகர்த்த, 'இன்கீ' கட்டளைக்குள் எதிர்மறை எண் கொடுத்தால் அந்தக் கட்டை அந்தக் கணத்தில் அமுங்கியிருக்கிறதா என்று நேரே தெரியும். ஒவ்வொரு அசைவுக்கும் முன் எஃப்எக்ஸ் 19 கட்டளை கொடுத்தால் திரை புதுப்பிக்கும் கணம் வரை காத்திருக்கும், எழுத்துகள் சிமிட்டாமல் விழும். ஒலி வரிசை நிரம்பிவிட்டால் சவுண்ட் கட்டளை அங்கேயே நின்றுவிடும், விளையாட்டும் உறைந்துவிடும். அதைத் தவிர்க்க, 'அட்வால்' கட்டளையில் -6 கொடுத்து முதல் சேனலின் வரிசையில் இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, இருந்தால் மட்டும் அடுத்த சுரத்தைப் போட வேண்டும். வேகம் போதாத இடங்களில் முழு எண் மாறிகளைப் பயன்படுத்தினால் போதும், அசெம்பிளி வரை போக வேண்டியிருக்கவில்லை.

இப்போது செய்திருக்கும் ஒரே மாற்றம், வாசிக்கும் சுரங்களுக்குப் புதிய உறைகளைப் போட்டது. என் மகன் இதில் நன்றாகத் தேறிவிட்டான். அவனுக்குச் சங்கீதப் பயிற்சி கிடையாது. முதலில் ரியையும் ச-வையும் குழப்பிக்கொண்டிருந்தவன், கம்பிதம் வந்த பிறகு ரியைத் தவறவிடுவதில்லை. ஆடுவதை வைத்தே கண்டுபிடிக்கிறான்.

நிரலில் சுரங்களின் எண்கள் இருக்கும் டேட்டா வரியை மாற்றினால் ராகம் மாறும். மோகனத்துக்கு 53,61,69,81,89,101. கல்யாணிக்கு 53,61,69,77,81,89,97,101. மெஷின் இல்லாதவர்கள் இணைய உலாவியிலேயே ஓடும் பிபிசி மைக்ரோ எமுலேட்டரில் இந்த எண்களையெல்லாம் அப்படியே போட்டுக் கேட்கலாம்.

அக்கா இப்போது தோடி கேட்கிறாள். தோடியின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையில் அகலமாக வீசி ஆடுவது, எண்ணில் சொன்னால் 57லிருந்து 73 வரை. ஏறவும் இறங்கவும் சமமாக எட்டு எட்டுப் படி வைத்த வடிவத்தை அவள் நிராகரித்துவிட்டாள். "போகும்போது சட்டுனு போகணும், வரும்போது நிதானமா வரணும்" என்கிறாள். நேற்றிரவு வரை வந்திருக்கும் வரி இது, படிக்கு நான்காக நான்கு படி மேலே, படிக்கு இரண்டாக எட்டுப் படி கீழே:

என்வலப் 4,2,4,-2,0,4,8,2,126,0,0,-126,126,126

சவுண்ட் 1,4,57,40

தோடி பாடுகிறவர்கள் யாராவது இதைக் கேட்டுப் பார்த்து, எந்த எண்ணை மாற்ற வேண்டும் என்று சொன்னால் மாற்றிப் பார்க்கிறேன்.